ஒரே கேம், இரண்டு கன்சோல்: கிராஃபிக்ஸ் ஒப்பீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக ஒரு கேம் வெளிவந்தால் போதும், "எந்த கன்சோல்ல நல்லா இருக்கு?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். பதில் சொன்னால் அதிலிருந்து இன்னொரு சந்தேகம் முளைக்கும். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. அதனால் அவரவர் கேட்ட வார்த்தையிலேயே அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன். எண் போட்டிருப்பது, பின்னால் வரும் பதில்களிலிருந்து முன்னால் உள்ளதைக் கைகாட்ட வசதியாக இருக்கும் என்பதற்காக.

1. ஒரே கேம், ஒரே கம்பெனிதான் செஞ்சாங்க. அப்புறம் ஏன் ரெண்டு கன்சோல்ல வேற வேற மாதிரி தெரியுது?

கதை, பாத்திரங்கள், ஊர், தெரு எல்லாம் ஒன்றுதான். ஆனால் திரையில் நீங்கள் பார்ப்பது ஏற்கெனவே எடுத்து வைத்த படம் இல்லை. நொடிக்கு 30 தடவையோ 60 தடவையோ கன்சோல் அந்தந்தக் கணத்தில் வரைந்து தருவது. வரைவதற்கு நேரம் போதாவிட்டால் எதையாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஒன்றில் நிழலின் ஓரம் மொத்தையாகும், இன்னொன்றில் தூரத்துப் புல் காணாமல் போகும், வேறொன்றில் மொத்தப் படமும் கொஞ்சம் மங்கும்.

எதை விடுவது என்று முடிவு செய்வது கன்சோல் இல்லை, கேமைச் செய்தவர்கள். ஒவ்வொரு கன்சோலுக்கும் அவர்கள் தனித்தனியாக உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். ஒப்பீடு என்று நாம் பார்ப்பதில் பாதி இந்த முடிவுகளைத்தான்.

2. ரெசல்யூஷன் பாக்கணுமா, ஃபிரேம் ரேட் பாக்கணுமா?

ரெசல்யூஷன் என்பது ஒரு படத்தில் எத்தனை புள்ளிகள் (பிக்சல்) என்ற கணக்கு. 720பி என்றால் 720 வரிசை, சுமார் 9.2 லட்சம் பிக்சல், 1080பி என்றால் சுமார் 20.7 லட்சம், 4கே என்றால் சுமார் 83 லட்சம். ஃபிரேம் ரேட் என்பது நொடிக்கு எத்தனை படம் என்பது. 30 ஃபிரேம் என்றால் ஒரு படத்தை வரைய 33.3 மில்லிசெகண்ட் கிடைக்கும். 60 ஃபிரேம் என்றால் அதில் பாதி, 16.7 தான். இரண்டும் ஒரே பையிலிருந்து எடுக்கும் காசு மாதிரி. ஒன்றுக்கு அதிகம் கொடுத்தால் இன்னொன்றுக்குக் குறையும்.

சண்டை, ரேஸ், துப்பாக்கி கேம் என்றால் ஃபிரேம் ரேட்டைப் பாருங்கள், யோசிக்கவே வேண்டாம். பட்டனை அழுத்தியதும் கை அசைவது அதை நம்பித்தான் இருக்கிறது. நின்று நிதானமாகச் சுற்றிப் பார்க்கும் கேமில் ரெசல்யூஷனுக்கு வாதாடலாம். நான் அங்கேயும் 60 பக்கம்தான்.

3. பெட்டி மேல 4கேன்னு போட்டிருக்கு. ஆனா 1440பி-ல ஓடுதுன்னு சொல்றாங்க. ஏமாத்துறாங்களா?

ஏமாற்று என்று சொல்ல முடியாது, ஆனால் முழுசாகச் சொன்னதும் இல்லை. டிவிக்குப் போகும் சிக்னல் 4கே தான். அதற்குள் இருக்கும் படம் எந்த அளவில் வரையப்பட்டது என்பது வேறு விஷயம். 1440பி-யில் வரைந்து 4கே-க்குப் பெரிதாக்கி அனுப்புவது இன்று சர்வசாதாரணம். இதோடு 'டைனமிக் ரெசல்யூஷன்' என்று ஒன்று உண்டு. திரையில் வெடிப்பும் புகையும் கூடும்போது கேம் தானாகவே ரெசல்யூஷனைக் குறைத்துக்கொள்ளும், கூட்டம் கலைந்ததும் ஏற்றிக்கொள்ளும்.

ஆகவே "இந்த கேம் 1440பி" என்று ஒற்றை எண்ணைச் சொல்பவரிடம், எந்த இடத்தில், எந்த மோடில் (படத் தரத்துக்கு முன்னுரிமையா, ஃபிரேம் ரேட்டுக்கா) என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணால் பிரயோஜனம் இல்லை.

4. டெராஃப்ளாப் எதுல அதிகமோ அதுதானே ஜெயிக்கணும்?

டெராஃப்ளாப் என்பது ஜிபியு, அதாவது படத்தை வரையும் சிப், நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குப் போடும் என்ற எண். அது அதிகம் இருப்பது ஜெயிப்பது சில சமயம் நடக்கிறது. 2013 நவம்பரில் வந்த சோனியின் பிஎஸ்4-க்கு (பிளேஸ்டேஷன் 4) 1.84 டெராஃப்ளாப், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு 1.31. மெமரி வேகமும் அதே பக்கம்தான் சாய்ந்தது: பிஎஸ்4-இல் நொடிக்கு 176 ஜிபி, எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 68 ஜிபி. அந்தக் குறையைச் சரிக்கட்ட எக்ஸ்பாக்ஸில் 32 எம்பி அதிவேக மெமரி ஒன்றைத் தனியாக வைத்திருந்தார்கள். ஆனால் 1080பி படத்துக்குத் தேவையானதை எல்லாம் அதற்குள் அடக்குவது பெரும்பாடு. அதனால்தான் கால் ஆஃப் டியூட்டி கோஸ்ட்ஸ் பிஎஸ்4-இல் 1080பி, எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 720பி. பேட்டில்ஃபீல்ட் 4 பிஎஸ்4-இல் 900பி, எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 720பி.

2020-இல் வந்த ஜோடியில் கதை இவ்வளவு நேராக இல்லை. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 12 டெராஃப்ளாப், பிஎஸ்5 10.28. ஆனால் அந்த எண் எப்படி வந்தது என்று பாருங்கள். சீரிஸ் எக்ஸில் 52 கம்ப்யூட் யூனிட் (ஜிபியுவுக்குள் கணக்குப் போடும் பிரிவு) 1.825 ஜிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. பிஎஸ்5-இல் 36 தான், ஆனால் 2.23 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகும். ஒரு பக்கம் ஆள் அதிகம், இன்னொரு பக்கம் ஆள் குறைவு ஆனால் கை வேகம். வேலையை 52 பேருக்கும் சரியாகப் பிரித்துக் கொடுக்க முடிந்தால் முதலாமவர் ஜெயிப்பார். முடியாவிட்டால் சிலர் சும்மா நிற்பார்கள். மெமரியிலும் இதே மாதிரி: சீரிஸ் எக்ஸில் 10 ஜிபி வேகமானது, மீதி 6 ஜிபி மெதுவானது. பிஎஸ்5-இல் 16 ஜிபியும் ஒரே வேகம்.

விளைவு? 2021-இல் வந்த ஹிட்மேன் 3 சீரிஸ் எக்ஸில் 4கே-யில் ஓடியது, பிஎஸ்5-இல் 1800பி. அதற்கு இரண்டு மாதம் முன்பு வந்த அசாசின்ஸ் கிரீட் வல்ஹாலாவோ வெளியான சமயத்தில் பிஎஸ்5-இல்தான் சீராக ஓடியது. டெராஃப்ளாப்பை மட்டும் பார்த்து இரண்டாவதை யாரும் சொல்லியிருக்க முடியாது.

5. என் வீட்டுல ரெண்டு கன்சோலும் இருக்கு. ஒண்ணுல கலர் பளிச்சுன்னு இருக்கு, இன்னொண்ணுல வெளுத்துப் போயிருக்கு. அப்போ அதோட ஜிபியு மோசமா?

நூற்றுக்குத் தொண்ணூறு, இது ஜிபியு குற்றம் இல்லை. டிவி செட்டிங்ஸ்.

பெரும்பாலான டிவிகள் ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனிப் பட அமைப்பை நினைவில் வைத்திருக்கும். இந்தப் பாடத்தை நானே பட்டுத்தான் கற்றேன். ஒரு கேமை இரண்டிலும் போட்டு, முதல் கன்சோலில் வானம் நீலமாகப் பொங்குகிறது, இரண்டாவதில் செத்துக் கிடக்கிறது என்று ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிவிட்டேன். தண்ணீர் குடிக்க எழுந்தபோது கேபிளை மாற்றிச் செருகிப் பார்க்கத் தோன்றியது. வானமும் கேபிளோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. முதல் துளை 'விவிட்' மோடில் இருந்திருக்கிறது, இரண்டாவது 'கேம்' மோடில். எழுதிய பக்கம் குப்பைக்குப் போனது.

இன்னொரு காரணம் ஆர்ஜிபி ரேஞ்ச். 'ஃபுல்' என்றால் கறுப்பு 0-இல் தொடங்கி வெள்ளை 255-இல் முடியும். 'லிமிடெட்' என்றால் 16 முதல் 235 வரை. கன்சோல் ஃபுல்லாக அனுப்பி டிவி அதை லிமிடெட் என்று நினைத்தால் இருட்டுப் பகுதி முழுக்க ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்ளும். கன்சோல் லிமிடெட் அனுப்பி டிவி ஃபுல் என்று நினைத்தால் கறுப்பெல்லாம் சாம்பலாகி, படம் துவைத்துக் காயப்போட்ட மாதிரி ஆகும். "இதில் நிழல்கள் ஆழமாக இருக்கின்றன" என்று புகழப்படும் பல படங்கள் முதல் வகைக் கோளாறுதான்.

6. யூடியூப்ல பக்கத்து பக்கத்துல வச்சுக் காட்டுறாங்களே, அது போதாதா?

எதற்குப் போதும் என்பதைப் பொறுத்தது. ஒரு மரம் இருக்கிறதா இல்லையா, ஒரு பிரதிபலிப்பு வருகிறதா இல்லையா என்பதற்குப் போதும். டெக்ஸ்சர் (சுவர், துணி போன்றவற்றின் மேற்பரப்புப் படம்) எவ்வளவு கூர்மை, புல் எவ்வளவு நுணுக்கம் என்பதற்குப் போதாது. வீடியோவைச் சுருக்கும்போது முதலில் பலியாவது புல், இலை, மழை, மணல் மாதிரியான பொடிப்பொடி விஷயங்கள்தான். ஒப்பிட வேண்டியதும் அவற்றைத்தான், கொடுமை.

போனில் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்பவர்களோடு நான் வாதம் செய்வதை நிறுத்திவிட்டேன்.

7. சரி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுப் பாக்கலாமா?

பார்க்கலாம், மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். போட்டோ மோடில் எடுக்காதீர்கள். பல கேம்களில் அந்த மோடுக்குள் போனதும் படத் தரம் தானாக ஏறிவிடும், விளையாடும்போது இருப்பது அது இல்லை. இரண்டாவது, கேமுக்குள் நேரமும் வானிலையும் மாறும் என்றால் இரண்டு படத்திலும் வெயில் ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். மேகம் ஒன்று குறுக்கே வந்தால் "இந்த கன்சோலில் லைட்டிங் மட்டம்" என்று எழுதிவிடுவோம். மூன்றாவது, நிற்கும்போது மட்டும் எடுத்தால் பாதி உண்மைதான் கிடைக்கும். இன்றைய கேம்கள் முந்தைய பல ஃபிரேம்களைச் சேர்த்துத் தைத்துத்தான் ஒரு கூர்மையான படத்தைக் காட்டுகின்றன. கேமரா நிற்கும்போது தைக்க நேரம் இருக்கும். ஓடும்போதுதான் தையல் பிரியும்.

8. "பிக்சல் எண்ணிப் பாத்தேன், 900பி"ன்னு சொல்றாங்க. லட்சக்கணக்குல இருக்கிறதை எப்படி எண்ணுறாங்க?

முழுப் படத்தையும் யாரும் எண்ணுவதில்லை. ஒரு ஓரத்தை எண்ணினால் போதும். கிட்டத்தட்டக் கிடைமட்டமாக, ஆனால் லேசாகச் சரிந்திருக்கும் ஒரு கோட்டைத் தேடுங்கள். மின்கம்பி, கூரை விளிம்பு, பாலத்தின் கைப்பிடி எதுவானாலும் சரி. படத்தைப் பெரிதாக்கினால் அது கோடு இல்லை, படிக்கட்டு என்று தெரியும். ஒவ்வொரு படியும் கேம் உண்மையில் வரைந்த ஒரு வரிசை.

1080பி ஸ்க்ரீன்ஷாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு 30 பிக்சல் உயரம் இறங்குகிறது, அதற்குள் 30 படிகள் இருந்தால் கேம் 1080பி-யில்தான் வரைந்திருக்கிறது. 25 படிகள்தான் என்றால் 25-ஐ 30-ஆல் வகுத்து 1080-ஆல் பெருக்குங்கள். 900. வெறும் 20 என்றால் 720. அகலத்துக்கும் இதே கணக்கு, கிட்டத்தட்டச் செங்குத்தான கோட்டில். ஒரே ஒரு கோட்டை நம்பாமல் நாலைந்து இடத்தில் எண்ணுவது நல்லது. மெனுவும் எழுத்துகளும் பெரும்பாலும் முழு ரெசல்யூஷனிலேயே வரையப்படும், அவற்றை எண்ணி ஏமாந்துவிடாதீர்கள்.

9. அப்படி எண்ணுறது இப்போ வர்ற கேம்கள்லயும் வேலை செய்யுமா?

கஷ்டம்தான். படத்தைப் பெரிதாக்கும் எஃப்எஸ்ஆர் மாதிரியான முறைகள், 7-இல் சொன்ன தையல் வேலையைச் செய்து படிக்கட்டையே மெழுகிவிடுகின்றன. ஆனால் ஒரு சந்து இருக்கிறது. காட்சி சட்டென்று மாறும் இடத்தில், அதாவது கேமரா ஒரு கோணத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவியதும் வரும் முதல் ஃபிரேமில், தைப்பதற்குப் பழைய படம் எதுவும் கையில் இருக்காது. அந்த ஒரு ஃபிரேமில் உள்ளே இருக்கும் உண்மையான ரெசல்யூஷன் அப்படியே வெளியே தெரியும். வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி அங்கே நிறுத்தி எண்ணுவார்கள்.

பெரிதாக்கும் முறைக்கே ஒரு தரம் உண்டு என்பதையும் மறக்கக்கூடாது. 2024 நவம்பரில் பிஎஸ்5 ப்ரோ வந்தபோது பிஎஸ்எஸ்ஆர் என்ற புது முறையோடு வந்தது. ஆனால் சைலன்ட் ஹில் 2-இல் அந்த முறையால் இலைதழைகள் மினுக்கின. சக்தி கூடின கன்சோலில் படம் சில இடங்களில் அசிங்கமாகத் தெரிந்தது. பிக்சல் எண்ணிக்கை மட்டும் வைத்திருந்தால் இது பிடிபட்டிருக்காது.

10. மீட்டர் 30-ன்னு அசையாம நிக்குது. ஆனா பாக்கும்போது திக்கித் திக்கிப் போகுது. கண்ணு கோளாறா?

கண் சரியாகத்தான் இருக்கிறது. ஃபிரேம் ரேட் மீட்டர் காட்டுவது ஒரு நொடியின் சராசரி. ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் திரையில் நின்றது என்பதை அது சொல்லாது. ஒழுங்கான 30-இல் எல்லா ஃபிரேமும் 33.3 மில்லிசெகண்ட் நிற்கும். ஒழுங்கில்லாததில் ஒன்று 16.7, அடுத்தது 50, மறுபடி 16.7, மறுபடி 50. கூட்டிப் பாருங்கள், நொடிக்கு 30 ஃபிரேம்தான் வரும். ஆனால் கேமராவைத் திருப்பினால் பள்ளமும் மேடுமான ரோட்டில் போவது போல இருக்கும். இதற்கு ஃபிரேம் பேசிங் என்று பெயர்.

இரண்டு கன்சோலிலும் 30 என்று எழுதியிருந்து, ஒன்றில் மட்டும் இந்தக் கோளாறு இருந்தால், ரெசல்யூஷன் எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் மற்றதைத்தான் வாங்குவேன்.

11. படம் நடுவுல கிழியுது ஒண்ணுல, இன்னொண்ணுல கிழியாம ஆனா ஸ்லோ ஆகுது. எது தேவலை?

இரண்டும் ஒரே நோய், வைத்தியம்தான் வேறு. டிவி அடுத்த படத்தைக் கேட்கும் நேரத்தில் கன்சோல் வரைந்து முடிக்கவில்லை. இருப்பதைத் தூக்கிக் கொடுத்தால் மேலே ஒரு படம், கீழே ஒரு படம் என்று கிழியும். முடியட்டும் என்று காத்திருந்தால் ஃபிரேம் குறையும். திரையின் உச்சியில் எப்போதாவது கிழிந்தால் யாரும் கவனிப்பதில்லை, நடுவில் கிழிந்தால் தாங்காது.

டிவியில் விஆர்ஆர் இருந்தால் இந்தக் கேள்வியே பாதி கரைந்துவிடும். டிவி தன் தாளத்தை கன்சோலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும். பிஎஸ்5-க்கு இந்த வசதி 2022-இல்தான் வந்தது, அதுவும் 48 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் உதவாது. ஆகவே விமர்சகரிடம் விஆர்ஆர் இருந்து உங்களிடம் இல்லாவிட்டால், அவர் "சீராக ஓடுகிறது" என்று சொன்னது உங்களுக்குப் பொருந்தாது.

12. காசு வாங்கிட்டு ஒரு கன்சோல்ல வேணும்னே மட்டமா செஞ்சிருப்பாங்களோ?

பெரும்பாலும் இதற்குச் சதி தேவையில்லை. எந்த கன்சோலை முதலில் மனதில் வைத்துச் செய்தார்கள் என்பதே போதும். 2010-இல் வந்த இரண்டு கேம்களைப் பாருங்கள். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் எக்ஸ்பாக்ஸ் 360-இல் 720பி, பிஎஸ்3-இல் 640பி. ஃபைனல் ஃபேன்டசி 13 பிஎஸ்3-இல் 720பி, எக்ஸ்பாக்ஸ் 360-இல் 576பி. அதே இரண்டு பெட்டிகள், அதே வருஷம், ஜெயித்தவர் மாறிவிட்டார். பிஎஸ்3-இல் மெமரி 256 எம்பி, 256 எம்பி என்று இரண்டு அறையாகப் பிரிந்திருந்தது, செல் ப்ராசஸரைப் பழக்குவதும் லேசில்லை. 360-இல் 512 எம்பியும் ஒரே கூடம். அங்கே செய்ததை இங்கே மாற்றினாலும் இங்கே செய்ததை அங்கே மாற்றினாலும் சேதாரம் இருந்தது.

வேண்டுமென்றே சமப்படுத்தியதாகச் சர்ச்சையான ஒன்று உண்டு: 2014-இல் அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி. இரண்டு கன்சோலிலும் 900பி, 30 ஃபிரேம் என்று வைத்துவிட்டோம், தேவையில்லாத விவாதம் வேண்டாம் என்று தயாரிப்பாளர் ஒருவர் சொல்லப்போக, விவாதம் பற்றிக்கொண்டது. பிஎஸ்4-ஐக் குறைக்கவில்லை என்று யுபிசாஃப்ட் பிறகு மறுத்தது.

13. பழைய காலத்துல இந்தச் சண்டையே இல்லையே?

யார் சொன்னது! செகாவின் மெகா டிரைவ் ஒரே நேரத்தில் 64 நிறம், சூப்பர் நின்டெண்டோ 256 நிறம். ஆனால் ப்ராசஸர் வேகத்தில் மெகா டிரைவ் முன்னால். 1993-இல் மார்ட்டல் காம்பேட் இரண்டிலும் வந்தபோது சூப்பர் நின்டெண்டோவில் படமும் ஒலியும் மேல், ஆனால் ரத்தத்தைச் சாம்பல் நிற வியர்வையாக்கி இருந்தார்கள். மெகா டிரைவில் ஒரு ரகசிய பட்டன் வரிசையைப் போட்டால் ரத்தம் வரும். பசங்கள் எதைத் தேடிப் போனார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

14. சீரிஸ் எஸ் மாதிரி சின்ன கன்சோல் இருக்கிறதால பெரிய கன்சோல்ல கேம் கெட்டுப்போகுதா?

ரெசல்யூஷன், நிழல் மாதிரியானவற்றை எளிதாகக் குறைத்துவிடலாம், அதனால் பெரிய கன்சோலுக்கு நஷ்டமில்லை. சிக்கல் வருவது மெமரியில். சீரிஸ் எக்ஸில் 16 ஜிபி, சீரிஸ் எஸ்ஸில் 10. பால்டர்ஸ் கேட் 3 பிஎஸ்5-இல் 2023 செப்டம்பரில் வந்தது, எக்ஸ்பாக்ஸில் டிசம்பரில்தான் வந்தது. திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஆடும் வசதியை சீரிஸ் எஸ்ஸில் ஓடவைக்க முடியாததுதான் காரணம். கடைசியில் சீரிஸ் எஸ்ஸில் மட்டும் அந்த வசதி இல்லாமல் வெளியிட்டார்கள். இங்கே படம் கெடவில்லை, நாள்தான் தள்ளிப்போனது.

15. ரெண்டு வருஷம் முன்னாடி வந்த ஒப்பீட்டை இப்போ நம்பலாமா?

தேதியோடு பேட்ச் (வெளியான பிறகு வரும் திருத்தம்) எண்ணையும் பாருங்கள். சைபர்பங்க் 2077 வெளியான 2020 டிசம்பரில் பிஎஸ்4-இல் இருந்த நிலையைப் பார்த்து சோனி தன் ஸ்டோரிலிருந்தே அதை எடுத்துவிட்டது, 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. முதல் வார ஒப்பீடு அந்த வாரத்து வாங்குபவருக்கு மட்டும். 4-இல் சொன்ன வல்ஹாலாவும் பேட்ச்களுக்குப் பிறகு முதல் வாரத்து வல்ஹாலாவாக இல்லை.

16. எனக்கு வித்தியாசமே தெரியலையே. நான் ஏதாவது தப்பாப் பாக்கிறேனா?

இல்லை. 4கே-க்கும் 1440பி-க்கும் உள்ள வித்தியாசம் சின்ன டிவியில், தள்ளி உட்கார்ந்தால் மறைந்துபோகும். ஒப்பீடு செய்பவர்கள் 400 சதவீதம் பெரிதாக்கிக் காட்டுவதே சாதாரணமாகத் தெரியாது என்பதால்தான். தெரியாவிட்டால் காசு மிச்சம்.

17. எல்டன் ரிங்கை பிஎஸ்5-ல வாங்கி, பிஎஸ்4 வெர்ஷனைப் போட்டு ஆடுன்னு ஒருத்தர் சொன்னார். கிண்டல் பண்றாரா?

இல்லை, விவரம் தெரிந்தவர். 2022-இல் வந்த எல்டன் ரிங்கின் பிஎஸ்5 பதிப்பு, ஃபிரேம் ரேட்டை முன்னிறுத்தும் மோடில்கூட 60-ஐ நிலையாகப் பிடிக்காது. பிஎஸ்4 பதிப்பை அதே பிஎஸ்5-இல் ஓட்டினால், புல்லும் தூரத்துக் காட்சியும் கொஞ்சம் எளிமையாகும், ரெசல்யூஷனும் இறங்கும். ஆனால் பழைய கன்சோலுக்காக அளவெடுத்த வேலையைப் புது கன்சோல் அநாயாசமாகச் செய்துவிடுவதால் 60 கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். 2-இல் நான் சொன்ன பையும் காசும் இங்கே கண்முன்னே நடக்கிறது. சீரிஸ் எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 11-இல் சொன்ன விஆர்ஆர் டிவி இருந்தால் அந்தத் தள்ளாட்டம் பெரும்பாலும் கண்ணில் படாது.

செய்து பார்ப்பதானால் ஒன்று: பிஎஸ்4 பதிப்பில் ஆடிச் சேமித்த சேவ் ஃபைலை பிஎஸ்5 பதிப்புக்குக் கொண்டுபோகலாம், அங்கிருந்து திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் முதல் நாளே பிஎஸ்4 பதிப்பில் தொடங்குங்கள்.